கொடைக்கானலில் பானெட்டைத் திறந்தால்

வத்தலக்குண்டைத் தாண்டி மலைச்சாலையில் ஏறத் தொடங்கும் கார், இரண்டு மணி நேரத்துக்குள் ஏறத்தாழ 1,800 மீட்டர் உயர்ந்துவிடுகிறது. கீழே புழுதியும் வெயிலும். பெருமாள்மலையை நெருங்கினால் மேகம் சாலைக்கே இறங்கி வந்து நிற்கிறது. மேலே போய்ச் சேர்ந்த பிறகோ, ஊர் திரும்புவதற்கு முன்போ வண்டியைக் கழுவக் கொடுப்பவர்கள் உண்டு. வெளிப்புறத்தோடு நின்றால் பெரிய கேடில்லை. ஆனால் "எஞ்சினையும் அடிச்சு விட்ருங்க" என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்வதும், உடனே பானெட்டைத் தூக்கி, சூடு ஆறாத எஞ்சின்மேல் டீசலையோ சோப்புக் கரைசலையோ தெளித்து, பம்பு வைத்து வேகமாகத் தண்ணீர் அடிப்பதும் தமிழ்நாட்டு வாட்டர் சர்வீஸ் கடைகளில் வெகுகாலமாக இருந்துவரும் பழக்கம். எஞ்சின் அறையைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. மலையில் ஓடும் வண்டிக்கு அது சமவெளி வண்டியைவிட அவசியம் என்றே சொல்வேன். ஆனால் அந்த வேலைக்குத் தண்ணீர் மிக மோசமான கருவி. அதிலும் கொடைக்கானல் உயரத்தில் வைத்து அதைச் செய்வது வண்டிக்கும் கேடு, மலைக்கும் கேடு. ஏன் என்பதை இயற்பியலும் வேதியியலும் தெளிவாகவே சொல்கின்றன.

அழுக்கிலிருந்து தொடங்குவோம். பானெட்டுக்கு அடியில் சேர்வது வெறும் மண் என்று நினைத்துவிடக் கூடாது. சாலைப் புழுதியின் கல்துகள், பிரேக் தேயும்போது கிளம்பும் இரும்புப் பொடி, டயரிலிருந்து உதிரும் ரப்பர், புகைக்கரி, இவை எல்லாவற்றையும் பிடித்து ஒட்டவைக்கும் மெல்லிய எண்ணெய்ப் படலம் என்று பல சேர்ந்த கலவை அது. அதில் உப்புகளும் உண்டு. சமையல் உப்பை எடுத்துக்கொண்டால், காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டியதும் அது காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரைந்துவிடும். மழை பெய்ய வேண்டிய அவசியமே இல்லை. கொடைக்கானலில் மேகம் தரையோடு தவழும் நாட்களில் ஈரப்பதம் 100 சதவீதத்தைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கும். வானம் தெளிந்திருக்கும் மாதங்களில் வேறொரு வழியில் ஈரம் வருகிறது. 1899இல் சூரிய ஆய்வகம் இந்த மலையில் நிறுவப்படக் காரணமாக இருந்த அதே தெளிந்த வானம், குளிர்கால இரவுகளில் தரையின் வெப்பத்தையும் வண்டித் தகட்டின் வெப்பத்தையும் தடையின்றி வெளியே விட்டுவிடுகிறது. தகடு சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்து, அதன்மேல் பனி படிகிறது. டிசம்பர், ஜனவரியில் பள்ளமான இடங்களில் உறைபனியாகவே மாறிவிடுகிறது.

அழுக்கும் ஈரமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1920களில் பிரிட்டனில் வெர்னான் என்ற வேதியியலாளர் செய்த சோதனையைவிட நல்ல சான்று இல்லை. இரும்புத் துண்டுகள் சிலவற்றை அறைக்காற்றில் அப்படியே திறந்து வைத்தார். வேறு சிலவற்றை மெல்லிய மஸ்லின் துணியால் செய்த கூண்டுக்குள் வைத்தார். துணி ஈரத்தைத் தடுக்காது, தூசியை மட்டும் தடுக்கும். திறந்திருந்தவை துருப்பிடித்தன. கூண்டுக்குள் இருந்தவை பெரும்பாலும் பளபளப்போடு தப்பின. இரண்டுக்கும் கிடைத்த காற்று ஒன்றுதான், ஈரமும் ஒன்றுதான். தூசி படிந்த இடத்தில்தான் ஈரம் தங்கி வேலை செய்தது. ஆகவே மேகத்துக்குள் நின்று நின்று ஓடும் வண்டியில் பேட்டரி டெர்மினல், எர்த் வயர் பொருந்தும் இடம், பானெட் பூட்டு, பிரேக் குழாய்களின் இணைப்பு ஆகிய இடங்களில் படியும் அழுக்கை அடிக்கடி எடுத்துவிடுவது அலங்கார வேலையாகாது. பேட்டரியின் மேல்மூடியில் ஈர அழுக்கு படிந்திருந்தால் இரண்டு முனைகளுக்கும் இடையே சிறு மின்னோட்டம் ஒழுகி, நின்ற இடத்திலேயே பேட்டரி மெல்ல இறங்கும். குளிர்ந்த காலையில் ஏற்கெனவே வலுக்குறைந்திருக்கும் பேட்டரிக்கு அது கூடுதல் சுமை.

சுத்தம் செய்வதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் வேறு: அழுக்குப் படிந்தால் எஞ்சின் சூடேறும் என்பது. இது பாதிதான் உண்மை. எரிபொருள் தரும் ஆற்றலில் தோராயமாக மூன்றில் ஒரு பங்கு வண்டியை ஓட்டவும், ஒரு பங்கு புகைக்குழாய் வழியாகவும், மீதி பெரும்பாலும் கூலன்ட் வழியே ரேடியேட்டருக்கும் போகிறது. எஞ்சினின் வெளிச்சுவரிலிருந்து காற்றுக்கு நேரடியாகப் போகும் வெப்பம் இவற்றோடு ஒப்பிட்டால் சிறியது. எஞ்சின்மேல் ஒரு மில்லிமீட்டர் கிரீஸ் அழுக்கு இருப்பதால் கொதித்து நின்ற வண்டியைக் காண்பது அரிது. ஆனால் ரேடியேட்டர் இடுக்குகளில் பூச்சியும் இலைத்தூளும் அடைத்தால் கதை வேறு. மலையில் காற்றின் அடர்த்தி குறைவு. கொடைக்கானலில் காற்றழுத்தம் சமவெளியின் ஐந்தில் நான்கு பங்குதான். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதிக்கும். ரேடியேட்டர் மூடி தரும் கூடுதல் அழுத்தம்தான் கூலன்டைக் கொதிக்காமல் காக்கிறது. எனவே வெப்பத்துக்குப் பயந்து சுத்தம் செய்வதானால் கவனிக்க வேண்டிய இடங்கள் ரேடியேட்டரும் அதன் மூடியும்தான். எஞ்சின் மூடியைக் கண்ணாடிபோலப் பளபளக்க வைப்பதால் ஒரு டிகிரிகூடக் குறையப்போவதில்லை.

இனி தண்ணீருக்கு வருவோம். வத்தலக்குண்டில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் கொடைக்கானல் போய்ச் சேர்வதற்குள் பந்துபோல உப்பிவிடுவதைக் குழந்தைகளும் பார்த்திருப்பார்கள். உள்ளே இருக்கும் காற்று கீழே அடைக்கப்பட்டது, வெளியே அழுத்தம் குறைந்துவிட்டது, அதனால் பை விரிகிறது. பானெட்டுக்கு அடியில் இப்படி மூடப்பட்ட சின்னச் சின்னக் காற்றறைகள் ஏராளம். ஹெட்லைட், பியூஸ் பாக்ஸ், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டி, ஒவ்வொரு சென்சாரின் கூடு, ஒவ்வொரு கனெக்டரின் உள்வெளி. இவை பிளாஸ்டிக்காலும் உலோகத்தாலும் ஆனவை, பாக்கெட்டைப்போல உப்ப முடியாது. அதனால் ஏறும்போது உள்ளிருக்கும் காற்றில் ஒரு பகுதியை ரப்பர் சீலின் ஓரம் வழியாகவோ, அதற்கென வைத்த துவாரம் வழியாகவோ மெல்ல வெளியே விடுகின்றன. இறங்கும்போது அதையே திரும்ப உள்ளே இழுக்கின்றன. மலை ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் வண்டியின் மின்பாகங்கள் ஒரு முறை மூச்சு விட்டு வாங்குகின்றன என்று சொல்லலாம்.

அந்த மூச்சின் அளவைக் கணக்கிடுவது எளிது. 300 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் சுமார் 978 ஹெக்டோபாஸ்கல். 2,100 மீட்டரில் சுமார் 785. வித்தியாசம் 190க்குச் சற்று மேல். இதைத் தண்ணீர் மட்டமாக மாற்றினால் ஏறத்தாழ இரண்டு மீட்டர் ஆழம். அதாவது, மேலே சமநிலைக்கு வந்துவிட்ட ஒரு கனெக்டர், சீல் இறுக்கமாக இருக்கும் நிலையில் கீழே இறங்கினால், அதன் வாயில் நிற்கும் தண்ணீரை இரண்டு மீட்டர் ஆழத்தில் மூழ்கியிருந்தால் எவ்வளவு அழுத்தம் தள்ளுமோ அவ்வளவு அழுத்தம் உள்ளே தள்ளும். வெப்பமும் இதே வேலையைச் செய்கிறது. 90 டிகிரியில் இருக்கும் ஒரு கூட்டின்மேல் 20 டிகிரித் தண்ணீரைப் பாய்ச்சினால், உள்ளிருக்கும் காற்று சுருங்கி அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறையும். கொடைக்கானல் உயரத்தில் அது ஒன்றரை மீட்டர் தண்ணீர் மட்டத்துக்குச் சமம். சுருங்கும் அந்த நொடியில்தான் சீலைச் சுற்றி முழுவதும் தண்ணீர் நிற்கிறது. காற்றுக்குப் பதில் உள்ளே போவது தண்ணீர். ஏறிவந்த சூட்டோடு எஞ்சினைக் கழுவுவதில் உள்ள தவறு இதுதான். கழுவிவிட்டு அன்றே இறங்குவது இரண்டாவது முறையும் அதே தவறைச் செய்வதாகும்.

வண்டியைத் தயாரித்தவர்களுக்கு இது தெரியாதா என்று கேட்கலாம். தெரியும். மழையிலும் தேங்கிய நீரிலும் ஓட வேண்டிய வண்டிக்கு அவர்கள் நல்ல சீல்களையே போடுகிறார்கள். கணினிப் பெட்டிகள் பலவற்றில் காற்றை விட்டுத் தண்ணீரைத் தடுக்கும் நுண்துளைச் சவ்வுகூட உண்டு. ஆனால் அந்தப் பாதுகாப்பு எந்தச் சோதனைக்கு உட்பட்டது என்பதைப் பார்க்க வேண்டும். பரவலாகச் சொல்லப்படும் ஐபி67 தரம், ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் அசையாமல் கிடந்தால் உள்ளே நீர் புகக் கூடாது என்கிறது. நாம் மேலே கணக்கிட்ட இரண்டு எண்களும் அந்த ஒரு மீட்டரைத் தாண்டியவை. உயர் அழுத்தப் பீச்சலுக்கென ஐபி69கே என்ற தனித் தரம் இருக்கிறது. அதில் 80 டிகிரி வெந்நீரை 80 முதல் 100 பார் அழுத்தத்தில், பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் தூரத்திலிருந்து, நான்கு கோணங்களில், கோணத்துக்கு அரை நிமிடம் பீய்ச்சுகிறார்கள். ஒரு தரத்தில் தேறியது மற்றதில் தேறும் என்று பொருளில்லை. பானெட்டுக்கு அடியில் இருக்கும் எல்லாப் பாகங்களும் இந்த இரண்டாவது சோதனையைத் தாண்டியவையும் அல்ல. சோதனைக்குப் போவது புதிய பாகம் என்பதையும் மறக்கக் கூடாது. பத்து வருடம் சூடேறி ஆறிய ரப்பர் வளையம் இறுகி, வெடித்து, தன் வேலையை மறந்திருக்கும். எலி கடித்த வயருக்கு எந்தத் தரமும் கிடையாது. மலைக் குளிரில் இரவு நேரத்தில் எஞ்சினின் மிச்சச் சூட்டைத் தேடி எலி வருவது சாதாரணம்.

இதைவிட வலுவான மறுப்பு அனுபவத்திலிருந்து வருவது: "எத்தனையோ தடவை அடிச்சிருக்கோம், ஒண்ணும் ஆனதில்லை." சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. சேதம் உடனே தெரிவதில்லை என்பதுதான் சிக்கல். கனெக்டருக்குள் போன ஒரு துளி நீர் அன்றைக்கே வண்டியை நிறுத்திவிடாது. செம்புப் பின்களுக்கு இடையே மின்னழுத்தம் இருப்பதால் அந்தத் துளி மெல்ல மெல்ல மின்பகுப்பு வேலையைத் தொடங்கும், வாரக்கணக்கில் பச்சைக் களிம்பு ஏறும். கூலன்ட் வெப்பத்தை அளக்கும் சென்சாரை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான வண்டிகளில் அது வெப்பம் ஏற ஏற மின்தடை குறையும் பொருள். 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம், 80 டிகிரியில் 300 ஓம் என்ற அளவில் இருக்கும். இரண்டு பின்களுக்கும் குறுக்கே ஈரக் களிம்பு ஒரு கூடுதல் பாதை போட்டுவிட்டால் மொத்தத் தடை குறைகிறது. கணினி அதைச் சூடு என்று வாசிக்கிறது. குளிர்ந்த காலையில் எஞ்சினுக்குக் கூடுதல் எரிபொருள் தேவைப்படும் நேரத்தில் அது குறைத்துக் கொடுக்கிறது. வண்டி ஸ்டார்ட் ஆக மறுக்கிறது, ஆனதும் திணறுகிறது. இது நடப்பது கழுவி ஒரு மாதம் கழித்து, வேறொரு ஊரில். மெக்கானிக் சென்சாரை மாற்றுவார். கழுவியது யாருக்கும் நினைவில் இருக்காது. விளைவு தாமதமாக வரும்போது காரணத்தை நேரடி அனுபவத்தால் கண்டுபிடிக்க முடியாது. புகையிலை முதல் பூச்சிமருந்து வரை நாம் தாமதமாகவே உணர்ந்த தீங்குகள் எல்லாம் இந்த வகைதான்.

ஓடும்போது எஞ்சின் சூடு ஈரத்தை உலர்த்திவிடாதா என்றும் கேட்பார்கள். திறந்த பரப்பில் இருக்கும் ஈரத்தை உலர்த்தும். ரப்பர் உறைக்குள்ளும் பின்களுக்கு நடுவிலும் காற்றோட்டம் இல்லாததால் அங்கே நீர் ஆவியாகி, ஆறியதும் அதே கூட்டுக்குள் மறுபடி துளியாகிறது. மலையில் நிற்கும் வண்டிகளின் ஹெட்லைட் கண்ணாடிக்குள் காலையில் படிந்திருக்கும் வெண்மூட்டம் இதற்குக் கண்ணெதிரே இருக்கும் சான்று. ஹெட்லைட்டில் கண்ணாடி இருப்பதால் தெரிகிறது. மற்றக் கூடுகளில் நடப்பது தெரிவதில்லை, அவ்வளவுதான்.

இவற்றையெல்லாம்விட நான் அஞ்சுவது பிரேக் ஆயிலை நினைத்துத்தான். எஞ்சின் அறையின் பின்பக்கம், ஓட்டுநர் இருக்கைக்கு நேரே, அந்தச் சிறிய வெளிர்நிற டப்பா இருக்கிறது. உள்ளிருக்கும் திரவம் நீரை விரும்பி உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட் 3 வகைத் திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. சுமார் 3.7 சதவீத நீரை உறிஞ்சிய நிலையில் அந்த வரம்பு 140ஆக இறங்கிவிடுகிறது. டாட் 4க்கு 230, 155. ஒன்றரை டன் எடையுள்ள கார் கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டு இறங்கும்போது இழக்கும் உயர ஆற்றல் ஏறத்தாழ 26 மெகாஜூல். 80 லிட்டர் தண்ணீரைச் சாதாரண வெப்பத்திலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதுமான வெப்பம் அது. காற்றின் எதிர்ப்பும் கியரின் பிடிப்பும் ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளும். மீதி முழுவதும் நான்கு பிரேக்குகளில் இறங்குகிறது. கியரைக் குறைக்காமல் பிரேக்கை மட்டுமே நம்பி இறங்குபவர்களுக்கு அந்தப் பங்கு இன்னும் அதிகம். நீர் கலந்த திரவம் கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழ்கள் உண்டாகும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். மிதித்த பெடல் கீழே போகும், வண்டி நிற்காது. அந்த டப்பாவின் மூடியில், திரவம் குறையும்போது காற்று ஈடுகட்ட நுண்ணிய வழி வைத்திருப்பார்கள். உள்ளே ஒரு ரப்பர் திரை காவல் காக்கும். பழைய திரையின் மேல் உயர் அழுத்தத் தண்ணீரைக் குறிபார்த்து அடிப்பதும், மூடியைச் சுற்றியிருக்கும் அழுக்கைத் துடைக்காமல் மேகமூட்டத்தில் திறந்து வைத்துப் பார்ப்பதும், கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்த சாலையில் இறங்கப்போகும் வண்டிக்குச் செய்யத் தகாதவை.

டீசல் அடிப்பதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். டீசலும் மண்ணெண்ணெயும் கிரீஸைக் கரைக்கும், உண்மை. கூலன்ட் ஓஸ் பைப்புகள் பெரும்பாலும் ஈபிடிஎம் என்ற ரப்பரால் ஆனவை. வெந்நீரையும் வெயிலையும் தாங்கும் அந்த ரப்பர், பெட்ரோலிய எண்ணெயில் ஊறினால் உப்பி மென்மையாகிவிடும். பெட்ரோல் அளவுக்கு டீசல் ஆபத்தில்லை என்ற எண்ணமும் முழுச் சரியில்லை. பொறி பட்டுப் பற்றுவதில் பெட்ரோல்தான் முந்தும். ஆனால் பொறியே இல்லாமல் சூடான பரப்பில் பட்டுத் தானாகப் பற்றிக்கொள்ள டீசலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் 200 டிகிரியைச் சற்றுத் தாண்டிய வெப்பம் போதும், பெட்ரோலுக்கு அதைவிட அதிகம் வேண்டும். மலையேறி வந்த எஞ்சினின் புகைக்குழாய்ப் பகுதி இதைவிட அதிகச் சூட்டில் இருக்கும். காரச்சத்து மிகுந்த கிரீஸ் நீக்கிகளுக்கு வேறு குறை. அலுமினியத்தைக் காக்கும் ஆக்ஸைடு படலம் கடுங்காரத்தில் கரைந்துவிடுகிறது, எஞ்சின்மேல் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழுகிறது.

இதுவரை பேசியது வண்டியைப் பற்றி. வண்டி கெட்டால் உடையவருக்கு நஷ்டம், சரிசெய்துகொள்ளலாம். கழுவிய நீர் எங்கே போகிறது என்பது அப்படி விட்டுவிடக்கூடிய கேள்வி இல்லை. கொடைக்கானல் ஏரி 1863இல் மதுரை ஆட்சியராக இருந்த லெவிஞ்ச் அணை கட்டி உருவாக்கியது. சுமார் 24 ஹெக்டேர் பரப்பு. அது நிரம்பி வழிவதுதான் மலைச்சாலையில் நாம் நின்று படமெடுக்கும் வெள்ளி நீர்வீழ்ச்சி. ஊரின் தென்விளிம்பில் பாம்பார் சோலைக்காட்டின் நீர் கும்பக்கரை வழியாகப் பெரியகுளத்துக்கும் வைகைக்கும் போகிறது. பேரிஜம் ஏரி பெரியகுளத்துக்குக் குடிநீர் தருகிறது. வடசரிவின் பாலாறும் பொருந்தலாறும் பழனிப் பக்கம் இறங்கி, சண்முகநதி, அமராவதி வழியே காவிரியைச் சேர்கின்றன. மேட்டில் ஊற்றியது எந்தப் பக்கம் போனாலும் கீழே குடிக்க ஒருவர் இருக்கிறார். இந்த மலைக்கு இது புதிய பாடமும் இல்லை. 2001இல் மூடப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலையின் பாதரசம் ஏரியின் நீரிலும் வண்டலிலும் மீனிலும் இருந்ததை ஐதராபாத் ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். மேட்டில் இருந்த ஒரு தொழிற்கூடத்தின் கழிவு வேலிக்குள் அடங்கி நிற்கவில்லை.

ஒரு காரின் கிரீஸ் அழுக்கைப் பாதரசத்தோடு சேர்த்துப் பேசுவது மிகை என்று தோன்றும். நஞ்சின் கடுமையில் இரண்டும் ஒன்றல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எண்ணெய்க்கென்று ஒரு தனிக் குணம் இருக்கிறது, அது பரவும். நீரின்மேல் மைக்ரோமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தடிமன் இருந்தாலே வெள்ளி மினுமினுப்பு கண்ணுக்குத் தெரியும். அந்தக் கணக்கில் ஏரி முழுவதையும் மூட 24 லிட்டர் எண்ணெய் போதும். 2025 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வாகனம், வார இறுதியில் 6,000 என்று வரம்பு விதித்தது. வார நாள் எண்ணையே எடுத்துக்கொண்டு, நூற்றில் ஒரு வண்டி எஞ்சினைக் கழுவுகிறது, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு மேசைக்கரண்டி, அதாவது 15 மில்லி எண்ணெய் போகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். நாளுக்கு 600 மில்லி. நாற்பது நாளில் 24 லிட்டர். அத்தனையும் ஏரிக்கே வராது, வந்ததும் அப்படியே நிற்காது, நுண்ணுயிர்கள் ஒரு பகுதியைத் தின்னும். ஆனால் குளிர்ந்த நீரில் அவற்றின் வேலை சமவெளியைவிட மெதுவாகத்தான் நடக்கும். நீர்நிலைகளில் விடப்படும் கழிவுநீரில் லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் எண்ணெய், கிரீஸ் இருக்கக் கூடாது என்பது இந்தியாவின் பொது வரம்பு. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயை அந்த அளவுக்கு நீர்க்கச் செய்ய 1,300 லிட்டர் நீர் வேண்டும்.

எண்ணெய் பிரிக்கும் தொட்டி கட்டினால் போதாதா? கட்டாமல் இருப்பதைவிட நல்லதுதான். ஆனால் அந்தத் தொட்டி வேலை செய்வது எண்ணெய்த் துளி தானாக மேலே மிதந்து வருவதை நம்பி. துளி மிதக்கும் வேகம் அதன் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 100 மைக்ரோமீட்டர் துளி ஒரு மீட்டர் ஏற அரை மணி நேரத்துக்கும் குறைவாகவே எடுக்கும். 5 மைக்ரோமீட்டர் துளிக்கு அதைப்போல 400 மடங்கு, கிட்டத்தட்ட ஒரு வாரம் ஆகும். சோப்பும் கிரீஸ் நீக்கியும் செய்யும் வேலையே எண்ணெயை இப்படிப் பொடித்துளிகளாக உடைப்பதுதான். உயர் அழுத்தப் பம்பு இன்னும் உடைக்கிறது. எஞ்சினிலிருந்து அழுக்கை எடுக்க எது உதவுகிறதோ அதுவே நீரிலிருந்து எண்ணெயைப் பிரிக்க விடாமல் செய்கிறது. எண்ணெயைத் தண்ணீருக்குள் விடாமலே துணியில் எடுத்துவிடுவதுதான் இந்த முடிச்சுக்கு நான் காணும் ஒரே நேரான வழி.

அப்படி எடுப்பது கடினமும் இல்லை. எஞ்சின் கைபொறுக்கும் அளவுக்கு ஆறியிருக்க வேண்டும். முதலில் இலை. கொடைக்கானலில் பைன், தைல மரம், வாட்டில் இவற்றின் கீழே நிறுத்திய வண்டியில் வைப்பருக்கு அடியில் உள்ள தொட்டிபோன்ற பகுதியில் ஊசியிலை சேர்ந்து வடிகால் ஓட்டையை அடைத்துவிடும். மழைநீர் வழிய இடமின்றி வண்டிக்குள்ளோ மின்பெட்டியின் மேலோ இறங்கும். அதே இலை காய்ந்து புகைக்குழாய்ப் பக்கம் விழுந்தால் தீப்பிடிக்கும், பைனில் பிசினும் தைல மரத்தில் எண்ணெயும் உண்டு. கையாலும் பிரஷாலும் அள்ளி எடுத்தால் போதும். பிறகு மென்மையான பிரஷ், காய்ந்த துணி, கடைசியாகப் பிழிந்த ஈரத்துணி. கிரீஸ் படிந்த இடத்தில் நீக்கியை எஞ்சின்மேல் தெளிக்காமல் துணியில் நனைத்துத் துடைக்க வேண்டும். பேட்டரி முனையில் பூத்திருப்பதை ஆப்ப சோடா கரைத்த சிறிது நீர் நடுநிலையாக்கும், துடைத்து உலர்த்தி லேசாக வாசலின் தடவலாம். பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைச் சுற்றித் துடைக்கலாம், திறக்க வேண்டாம், அளவு வெளியிலிருந்தே தெரியும். ரேடியேட்டர் இடுக்கை எஞ்சின் பக்கமிருந்து வெளிநோக்கி மெல்லிய காற்றால் ஊதலாம். பளபளப்புக்கென விற்கும் சிலிக்கான் திரவம் எதையும் காப்பதில்லை, அடுத்த புழுதியை இன்னும் நன்றாகப் பிடித்து வைக்கும். துடைத்துக்கொண்டே போகும் கண்தான் இந்த முறையின் பெரிய லாபம். ஓஸ் பைப்பின் வெடிப்பு, பெல்ட்டின் ஓரக் கிழிசல், எங்கிருந்தோ வரும் புதிய ஈரம், எலி கடித்த வயர், எல்லாம் துணி போகும் இடத்தில்தான் அகப்படும். பம்பு அடித்தால் கசிவின் தடமும் அழுக்கோடு சேர்ந்து போய்விடுகிறது.

மலையில் வாட்டர் சர்வீஸ் நடத்திப் பிழைப்பவர்களின் கதி என்ன என்பதை ஒதுக்கிவிட்டுப் பேச முடியாது. ஊருக்கே அப்சர்வேட்டரி நீர்த்தேக்கத்திலிருந்தும் மனோரஞ்சிதம் அணையிலிருந்தும் குடிநீர் வர வேண்டியிருக்கும் இடத்தில், அவர்களுக்கும் தண்ணீர் செலவுதான். துடைத்துச் சுத்தம் செய்வது அதிக நேரமும் கைத்திறனும் கேட்கும் வேலை, ஆகவே அதிகக் கூலிக்கு உரிய வேலை. நூறு லிட்டர் நீருக்கும் பம்புக்கும் போகும் பணம் கைக்குப் போகலாம். பம்பு கட்டாயம் வேண்டும் என்பவர்களுக்கு வத்தலக்குண்டு, பெரியகுளம், பழனி போன்ற அடிவார ஊர்களில், கழிவுநீரைச் சேர்த்துச் சுத்திகரிக்கும் வசதியோடு இடம் அமைக்கலாம். ஒரு நாள் நின்று ஆறிய வண்டியை அங்கே கழுவினால் உயர வேறுபாட்டின் இழுப்பும் இருக்காது. 2024 மே 7 முதல் கொடைக்கானல் வரும் வெளியூர்ச் சுற்றுலா வண்டிகளுக்கு இ-பாஸ் பதிவு நடைமுறைக்கு வந்தது. எஞ்சினை மலைமேல் நீர் அடித்துக் கழுவ வேண்டாம், ஏறுமுன் வைப்பருக்கு அடியில் உள்ள இலையை எடுங்கள், இறங்குமுன் பிரேக் ஆயில் அளவைப் பாருங்கள் என்ற மூன்று வரிகளை அந்தப் பதிவின் திரையிலேயே காட்டுவதற்குப் புதிய சட்டமோ பெரிய செலவோ தேவையில்லை.